ஜெர்மனியில் புதுக் குடித்தனம்: கைமா வாங்குவதும் ஃப்ரிகாடெல்லெ சுடுவதும்

வந்து இரண்டு மாதமான ஒருவர் கேட்டிருந்தார்: “மகள் கிட்டாவில் (இங்குள்ள மழலையர் பள்ளி) ஏதோ கறி உருண்டை சாப்பிட்டுவிட்டு வந்து வீட்டிலும் அதையே கேட்கிறாள். பெயர்கூடத் தெரியவில்லை, எப்படிச் செய்வது?”

அது ஃப்ரிகாடெல்லெ. பெர்லினில் பூலெட்டெ என்பார்கள், மியூனிக் பக்கம் ஃப்ளைஷ்ஃப்ளான்செர்ல், ஸ்டுட்கார்ட் பக்கம் ஃப்ளைஷ்க்யூக்லெ. ஊருக்கு ஊர் பெயர்தான் வேறு, பண்டம் ஏறக்குறைய ஒன்றுதான். கொத்துக்கறியோடு ஊறவைத்த ரொட்டி, வெங்காயம், முட்டை சேர்த்துப் பிசைந்து, வடை போலத் தட்டி, கொஞ்சம் எண்ணெயில் திருப்பிப் போட்டுச் சுடுவது. நம் கோலா உருண்டைக்குத் தூரத்துச் சொந்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொட்டுக்கடலை மாவு செய்யும் வேலையை இங்கே ரொட்டி செய்கிறது.

செய்முறையைவிடக் கறி வாங்குவதில்தான் புதிதாக வந்தவர்கள் மாட்டிக்கொள்கிறார்கள். ஹாக்ஃப்ளைஷ் என்றால் கொத்துக்கறி. அதற்கு முன்னால் ‘கெமிஷ்டெஸ்’ என்று இருந்தால் மாடும் பன்றியும் கலந்தது. நான் வந்த முதல் கோடையில் ஹாக்ஃப்ளைஷ் என்ற ஒரு சொல்லை மட்டும் பார்த்துவிட்டு எடுத்துவந்தேன். ஊரிலிருந்து வந்திருந்த மாமியார் சாப்பிட்டுவிட்டு, நன்றாக இருக்கிறது என்று இன்னொன்றும் கேட்டு வாங்கிக்கொண்டார். அட்டையை அப்புறம்தான் படித்தேன். இன்றுவரை அவரிடம் சொல்லவில்லை.

ஆகவே நான்கு சொற்களை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள். ரிண்ட் என்றால் மாடு, ஷ்வைன் என்றால் பன்றி, லாம் என்றால் செம்மறிக் குட்டி, பூட்டெ என்றால் வான்கோழி. பக்கத்திலேயே ‘மெட்’ என்று ஒன்றும் இருக்கும். பார்க்க அசல் கொத்துக்கறிதான். ஆனால் அது உப்பு, மிளகு போட்ட பச்சைப் பன்றிக்கறி. சமைக்காமல் அப்படியே ரொட்டியில் தடவி, மேலே வெங்காயம் தூவிச் சாப்பிடுவார்கள். ஆமாம், பச்சையாகத்தான்.

மாடும் பன்றியும் வேண்டாம் என்றால் துருக்கிக் கடைக்குப் போங்கள். அங்கே ஹலால் கறி, கண்ணெதிரே அரைத்துத் தருவார்கள். ஜெர்மன் வராவிட்டாலும் கவலையில்லை, ‘கைமா’ என்றாலே புரிந்துகொள்வார்கள். கொத்திய கறிக்குத் துருக்கியில் ‘கிய்மா’. அந்தச் சொல்தான் உருதுவில் கீமா ஆகி நம் ஊர்ப் பாய் கடைக்குக் கைமாவாக வந்து சேர்ந்தது. ‘டானா’ என்றால் கன்று. செம்மறிக் குட்டிக்கு அவர்கள் சொல்வது ‘குஸு’. சிரிக்காமல் கேட்கப் பழகிக்கொள்ளுங்கள், எனக்கு ஒரு வருடம் ஆயிற்று.

இன்னொன்று, தேதி. தயிர் டப்பாவில் இருப்பது ‘இதுவரை நன்றாக இருக்கும்’ என்கிற தேதி. அது தாண்டினாலும் முகர்ந்து பார்த்துச் சாப்பிடலாம். கொத்துக்கறியில் இருப்பது ‘இதற்குள் பயன்படுத்து’ என்கிற தேதி. தாண்டினால் குப்பைத்தொட்டிதான், யோசிக்கவே வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை கடைகள் மூடியிருக்கும் என்பதால் சனிக்கிழமையே வாங்கி, குளிர்ப்பெட்டியில் அதிகம் குளிரும் கீழ்த்தட்டில் வையுங்கள்.

சரி, செய்முறை. நான்கு பேருக்கு 500 கிராம் கறி. முந்தைய நாள் மீந்த ப்ரோட்ஷென் என்னும் சின்ன பன் ரொட்டி ஒன்று (இல்லாவிட்டால் டோஸ்ட் ரொட்டி இரண்டு துண்டு), வெதுவெதுப்பான பாலில் பத்து நிமிடம் ஊறவைத்துப் பிழிந்துகொள்ளுங்கள். இதைத்தான் நம்மவர்கள் ‘கறியில் எதற்கு ரொட்டி’ என்று விட்டுவிடுகிறார்கள். ரொட்டிதான் கறியின் சாற்றைப் பிடித்துவைக்கிறது. அது இல்லாமல் செய்தால் ரப்பர் பந்து மாதிரி வரும், நானே செய்து பார்த்திருக்கிறேன்.

பெரிய வெங்காயம் ஒன்றைப் பொடியாக நறுக்கி, கண்ணாடி போல ஆகும்வரை வதக்கி, ஆறவிட்டுச் சேருங்கள். பச்சையாகப் போட்டால் தட்டும்போது விரிசல் விடும். முட்டை ஒன்று, கடுகு விழுது ஒரு தேக்கரண்டி, உப்பு ஒரு தேக்கரண்டி, மிளகுத்தூள் அரைத் தேக்கரண்டி, ஒரு கைப்பிடி பார்ஸ்லி. எல்லாம் ஒட்டிக்கொள்ளும்வரை பிசைந்தால் போதும். சப்பாத்தி மாவு போல அழுத்திப் பிசைந்தால் இறுகிவிடும். வான்கோழிக் கறியில் கொழுப்பு குறைவு, ஒரு மேசைக்கரண்டி எண்ணெய் சேர்த்துக்கொள்ளுங்கள்.

மசாலா போடலாமா என்பதுதான் அடுத்த கேள்வியாக வரும். போடலாம், ஆனால் மல்லித்தூளும் மிளகாய்த்தூளும் வேண்டாம். வெளிப்பக்கம் கருகிக் கசந்துவிடும். பச்சை மிளகாய், இஞ்சி, ஒன்றிரண்டாக இடித்த சீரகம், சோம்பு போதும். பிள்ளைக்குக் கிட்டாவில் தின்ற ருசிதான் வேண்டுமென்றால் முதல் முறை எதுவுமே சேர்க்காதீர்கள். பாதியைத் தனியாக எடுத்துவைத்து உங்களுக்கு மட்டும் மிளகாய் போட்டுக்கொள்ளுங்கள்.

உப்புப் பார்க்கப் பச்சைக் கறியை நாக்கில் வைக்க வேண்டாம். கோலிக்குண்டு அளவு எடுத்துச் சுட்டுப் பாருங்கள். அப்புறம் கையை நனைத்துக்கொண்டு எட்டோ பத்தோ உருண்டை பிடித்து, இரண்டு விரல் கனத்துக்குத் தட்டுங்கள்.

எண்ணெய்க்குப் பதில் பூட்டர்ஷ்மால்ட்ஸ் கிடைத்தால் வாங்குங்கள். வேறொன்றுமில்லை, நம் நெய்தான். 9 வரை எண் போட்ட மின்னடுப்பில் 6 போதும். நம் ஊர்க் காஸ் அடுப்பு நினைப்பில் 9-இல் வைத்தால் வெளியே கருகி உள்ளே சிவப்பாக இருக்கும். நடைவழியில் இருக்கும் புகை எச்சரிப்பானும் கத்தத் தொடங்கிவிடும். ஜன்னலைத் திறந்துவைத்துச் சமையலறைக் கதவைச் சாத்திவிடுங்கள். ஒரு பக்கம் ஐந்தாறு நிமிடம், திருப்பி இன்னோர் ஐந்தாறு நிமிடம். கரண்டியால் அழுத்தாதீர்கள், சாறெல்லாம் ஓடிவிடும். பிட்டுப் பார்த்தால் உள்ளே சிவப்பு இருக்கக் கூடாது. வெப்பமானி இருந்தால் நடுவில் 70 டிகிரி வந்து இரண்டு நிமிடம் நிற்க வேண்டும்.

மீந்த எண்ணெயைத் தொட்டியில் ஊற்றாதீர்கள், குழாய் அடைத்துக்கொள்ளும். காகிதத்தால் துடைத்து ரெஸ்ட்முல் (தரம் பிரித்தது போக மிச்சக் குப்பை) தொட்டியில் போடுங்கள். எங்கள் வீட்டில் துடைக்க ஒன்றும் மிஞ்சுவதில்லை என்பது வேறு விஷயம்.

இவர்கள் உருளைக்கிழங்கு மசியலோடும் கடுகு விழுதோடும் சாப்பிடுவார்கள். எங்கள் வீட்டில் ரசம் சோறு. மறுநாளைக்கு இரண்டு மீந்தால் ரொட்டிக்கு நடுவில் ஆறியபடியே வைத்து ஆபீசுக்கு. கடைசி உருண்டையை எடுத்ததும் அந்த வாணலியிலேயே இரண்டு கரண்டி சூடான சோறும் கொஞ்சம் மிளகும் போட்டு, அடியில் ஒட்டியிருப்பதைச் சுரண்டிப் பிரட்டுவேன். அதற்குத்தான் பிள்ளைகளுக்குள் சண்டை. பெரியவன் இப்போதெல்லாம் ஃப்ரிகாடெல்லெவே வேண்டாம், வாணலிச் சோறு மட்டும் கொடு என்கிறான்.