சுவீடன் அரசர்களின் ‘வால்ஸ்ப்ரோக்’: ‘குறிக்கோளுரை’ பொருந்துமா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

> ‘மோட்டோ’வுக்குக் குறிக்கோளுரை என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருக்கிறது. ஒரு நாட்டு அரசர்களுக்காக இன்னொரு சொல் எதற்கு?

ஐயா, நீங்கள் கேட்டது நியாயமான கேள்வி. இருக்கிற சொல்லை விட்டுவிட்டுப் புதுச்சொல் தேடி அலைவது எனக்கும் பிடிக்காத வேலை. சுவீடன் அரசர்களின் அட்டவணையைத் தமிழில் போட உட்கார்ந்தபோது நானும் ‘பெயர், ஆட்சிக்காலம், குறிக்கோளுரை’ என்றுதான் தலைப்பு வைத்தேன். ஐந்தாறு பேரை நிரப்பியதுமே அந்த மூன்றாவது தலைப்பு உதைக்க ஆரம்பித்துவிட்டது. எங்கே உதைக்கிறது என்று சொல்கிறேன், அப்புறம் நீங்கள் தீர்ப்புச் சொல்லுங்கள்.

முதலில் வழக்கம் என்ன என்பது. 1523இல் அரசரான குஸ்தாவ் வாசா தொடங்கி இன்றைய பதினாறாம் கார்ல் குஸ்தாவ் வரை, அரியணை ஏறுகிறவர் தனக்கென்று ஒரு வாசகத்தைத் தேர்ந்து எடுத்துக்கொள்கிறார். அதற்குத்தான் ‘வால்ஸ்ப்ரோக்’ என்று பெயர். அது நாட்டுடையதும் இல்லை, குடும்பத்துடையதும் இல்லை, அந்த ஒருவருடையது. அவர் போனால் அதுவும் போயிற்று. அடுத்து வருகிறவர் புதிதாக ஒன்றை எடுத்துக்கொள்வார். இதற்கு விலக்காக எனக்குப் பட்டது ஒரே இடம்: 1720இல் உல்ரிகா எலியனோரா அரசி கணவர் ஃப்ரெட்ரிக்குக்கு அரியணையை விட்டுக்கொடுத்தார். ‘கடவுளே என் நம்பிக்கை’ என்ற அவருடைய வாசகமே கணவருக்கும் ஆயிற்று. பக்கத்து நார்வேயில் கதை வேறு. 1905இல் ஏழாம் ஹாக்கோன் எடுத்துக்கொண்ட ‘எல்லாம் நார்வேக்காக’ என்பதையே மகன் ஐந்தாம் ஓலாவும் பேரன் ஐந்தாம் ஹரால்டும் அப்படியே வைத்துக்கொண்டார்கள். அங்கே வாசகம் வாரிசாக இறங்குகிறது. சுவீடனில் ஆளுக்கு ஒன்று.

இப்போது ‘குறிக்கோள்’ என்ற சொல்லை இவற்றின்மேல் வைத்துப் பாருங்கள். பதினான்காம் எரிக்கின் வாசகம் ‘கடவுள் தாம் விரும்பியவருக்குக் கொடுக்கிறார்’. இதில் என்ன குறிக்கோள் இருக்கிறது? அரியணை எனக்கு ஏன் கிடைத்தது என்று அவர் சொல்லும் பதில் இது. (1568இல் தம்பி யூஹான் அவரை இறக்கிவிட்டுத் தானே அரசரானார். அந்த வாசகத்தைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு அந்த 1568 நினைவுக்கு வந்துவிடுகிறது.) கிறிஸ்தினா அரசியுடையது ‘அறிவே அரசின் தூண்’. இதுவும் ஒரு கூற்றுதான். பதினான்காம் கார்ல் யூஹானுடையது ‘மக்களின் அன்பே என் வெகுமதி’. பிரான்சின் தெற்கே போ என்ற ஊரில் வழக்கறிஞர் ஒருவருக்குப் பிறந்து, நெப்போலியனின் படையில் மார்ஷல் ஆகி, 1810இல் சுவீடனின் பட்டத்து இளவரசராகத் தேர்ந்தெடுக்கப்பட்டவர் அவர். கடைசிவரை அந்த நாட்டு மொழி அவர் வாயில் சரியாக வரவில்லை. அப்படிப்பட்டவர் அந்த மொழியிலேயே மக்களிடம் அன்பைக் கேட்கிறார். அதைக் குறிக்கோள் என்று சொன்னால் அதில் இருக்கிற வேண்டுதல் காணாமல் போய்விடுகிறது.

கடவுள்மேல் பாரத்தைப் போடுவது, கூற்று, வேண்டுதல், வாக்குறுதி எல்லாமே இந்தப் பட்டியலில் இருக்கின்றன. இவற்றுக்குப் பொதுவானது ஒன்றே ஒன்று: ஒவ்வொன்றும் ஒருவர் தாமே எடுத்துக்கொண்டது. சுவீடன்காரர்கள் வைத்திருக்கும் பெயரும் அதைத்தான் சொல்கிறது. ‘வால்’ என்றால் தெரிவு. ‘ஸ்ப்ரோக்’ என்றால் மொழி.

இந்த ‘ஸ்ப்ரோக்’கில் ஒரு நிமிடம் நிற்க வேண்டும். தனியே வந்தால் அது பேசும் மொழி. பழமொழிக்கு அவர்கள் சொல்வது ‘ஊர்ட்ஸ்ப்ரோக்’. அதாவது தமிழில் ‘மொழி’ செய்கிற இரண்டு வேலையையும் அங்கே அந்தச் சொல் செய்கிறது: தமிழ்மொழி என்றால் ஒன்று, பழமொழி, பொன்மொழி, உறுதிமொழி என்றால் இன்னொன்று. இப்படிக் கையும் உறையும்போலப் பொருந்துகிற சொல் கலைச்சொல் வேலையில் எப்போதாவதுதான் கிடைக்கும். ஆகவே பின்பாதி ‘மொழி’ என்பதில் எனக்குத் தயக்கமே இல்லை.

இன்னொரு காரணமும் உண்டு. மூன்றாம் குஸ்தாவின் வாசகம் ஒரே ஒரு சொல்: ‘தந்தையர்நாடு’. அவருக்கு முன் ஆண்ட இரண்டு அரசர்களும் ஜெர்மானிய நிலத்தில் பிறந்து வந்தவர்கள். இவர் சுவீடனிலேயே பிறந்தவர். அந்த ஒற்றைச் சொல்லுக்குள் இவ்வளவும் இருக்கிறது. இதைப் போய் ‘உரை’ என்றோ ‘வாக்கியம்’ என்றோ எப்படிச் சொல்வது? ‘மொழி’ என்றால் இடிக்காது. நம் இலக்கணத்தில் ஓரெழுத்து ஒருமொழியும் மொழிதான், தொடர்மொழியும் மொழிதான்.

சரி, வந்த பரிந்துரைகளுக்கு வருகிறேன்.

‘தாரக மந்திரம்’ பத்திரிகையில் நன்றாக ஓடுகிற சொல். ஆனால் மந்திரம் என்றால் திரும்பத் திரும்பச் சொல்வது, சமய வாசனையும் கூடவே வரும். 1809க்குப் பிறகு வந்த சுவீடன் அரசர் ஒருவருடைய வாசகத்திலும் கடவுள் கிடையாது. ‘கடவுளும் மக்களும்’ என்று வைத்திருந்த நான்காம் குஸ்தாவ் அடால்ஃப்தான் கடைசி. அவரை இறக்கிவிட்டு வந்த பதின்மூன்றாம் கார்ல் ‘மக்களின் நலமே என் மேலான சட்டம்’ என்றார். அதன்பின் மக்கள், நீதி, சட்டம், நாடு, கடமை என்றே போகிறது.

‘முழக்கம்’ போர்க்களத்துக்கும் ஊர்வலத்துக்கும் உரியது. இரண்டாம் குஸ்தாவ் அடால்ஃபின் படை 1631இல் பிரைட்டன்ஃபெல்ட் களத்தில் ‘கடவுள் நம்மோடு’ என்று ஜெர்மன் மொழியில் எழுப்பியது முழக்கம். அதற்கு அந்தச் சொல்லை அப்படியே வைத்துக்கொள்வோம்.

‘மெய்க்கீர்த்தி’ என்று தம்பி எழுதியிருந்தார். ஆசை புரிகிறது. ஆனால் மெய்க்கீர்த்தி செய்து முடித்ததைச் சொல்வது. முதலாம் ராசராசனின் ‘திருமகள் போல’ என்று தொடங்கும் மெய்க்கீர்த்தி ஆட்சியாண்டு ஏற ஏற, வென்ற நாடுகள் சேரச் சேர நீண்டுகொண்டே போனது. இதுவோ இன்னும் ஒன்றுமே செய்யாத முதல் நாட்களில் சொல்வது. அதோடு நீளவும் நீளாது.

யாழ்ப்பாணத்திலிருந்து அக்கா சொன்ன ‘மகுட வாசகம்’தான் என்னை இரண்டு நாள் யோசிக்க வைத்தது. அங்கே பள்ளிக்கூடங்களின் வாசகத்துக்கு வழங்கும் நல்ல சொல். அக்கா, தமிழ்நாட்டிலும் இது பரவ வேண்டும் என்பது என் ஆசை. ஆனால் சுவீடன் அரசர்களுக்கு வைத்தால் ஒரு சிக்கல். 1873இல் இரண்டாம் ஆஸ்கர் முடிசூடிக்கொண்டதோடு அந்த நாட்டில் முடிசூட்டு விழாவே நின்றுவிட்டது. 1907இல் வந்த ஐந்தாம் குஸ்தாவ் வேண்டாம் என்றுவிட்டார். அதன்பின் எவர் தலையிலும் மகுடம் ஏறவில்லை. மகுடம் போனது, வாசகம் நின்றது. மகுடத்தைப் பெயரில் வைத்தால் படிப்பவர் தலைகீழாகப் புரிந்துகொள்வார். ‘முடிமொழி’க்கும் இதே தடை.

‘தேர்வுமொழி’யை நானே எழுதிப் பார்த்தேன். விண்ணப்பப் படிவத்தில் ‘தேர்வு மொழி: தமிழ்’ என்று நிரப்புகிற பிள்ளைகள்தான் கண்முன் வருகிறார்கள். ‘ஆட்சிமொழி’ ஏற்கெனவே வேறு வேலைக்குப் போய்விட்டது.

என் பரிந்துரை: கொள்மொழி.

விரதம் கொள்கிறோம், சபதம் கொள்கிறோம், பெயர் கொள்கிறோம். தாமாக எடுத்து, விடாமல் வைத்துக்கொள்வது கொள்ளுதல். ‘கொள்கை’யும் அதே வேரில் பிறந்ததுதான். கொண்ட மொழி, கொள்கிற மொழி, கொள்ளும் மொழி என்று மூன்று காலத்துக்கும் விரியும் வினைத்தொகை. அரியணை ஏறியவர் கொண்ட மொழி, இருக்கும்வரை கொள்கிற மொழி, இனி வருகிறவர் கொள்ளப்போகும் மொழி. தெரிவு என்ற பொருளும் கைவிடாமை என்ற பொருளும் ஒரே அசையில் கிடைக்கின்றன.

> ‘கொள்’ என்பதோடு ‘மொழி’ சேர்ந்தால் ‘கொண்மொழி’ என்று திரிய வேண்டாமா?

நன்னூல்படி ளகரத்தின் பின் மெல்லினம் வந்தால் ணகரமாகும் என்பது உண்மை. நாள் மலர் நாண்மலர் ஆகிறது. ஆனால் நெல் ‘கொள்முதல்’ என்று அரசும் எழுதுகிறது, உழவரும் சொல்கிறார். யாரும் கொண்முதல் என்பதில்லை. வேர் வெளியே தெரிந்தால்தான் சொல் தன்னைத்தானே விளக்கிக்கொள்ளும். திரித்துவிட்டால் அகராதி இல்லாமல் நகர முடியாது. கொள்முதல் போன வழியில் இதையும் விடலாம் என்பது என் எண்ணம்.

இந்த வாசகங்கள் ஏட்டில் மட்டும் இருந்தவை அல்ல. இதை எழுதும்போது என் மேசையில் 1950களின் ஒரு குரோனா காசு இருக்கிறது. 25 மில்லிமீட்டர் அகலம், ஏழு கிராம் எடை, பத்தில் நான்கு பங்கு வெள்ளி. ஒரு பக்கம் ஆறாம் குஸ்தாவ் அடால்ஃபின் முகம். திருப்பினால் மூன்று மகுடங்கள் பொறித்த கேடயம், அதைச் சுற்றி மூன்று சொற்கள்: ‘ப்ளிக்தென் ஃப்ராம்ஃபோர் அல்ட்’. ‘எல்லாவற்றுக்கும் மேல் கடமை.’ விளிம்பின் எழுத்துகள் தேய்ந்திருக்கின்றன, ஆனால் விரலால் தடவினால் இன்னும் தட்டுப்படுகின்றன. ரொட்டி வாங்கினவரும் பேருந்தில் ஏறினவரும் தங்கள் அரசர் எடுத்துக்கொண்ட வார்த்தையைக் கையில் வைத்துக் கொடுத்து வாங்கியிருக்கிறார்கள்.

காசில் பொறிப்பதால் வார்த்தை பொய்த்துப்போனால் அதுவும் ஊரறிய ஆகிவிடும். இரண்டாம் ஆஸ்கர் 1872இல் ‘சகோதர மக்களின் நலம்’ என்று எடுத்துக்கொண்டார். சகோதரர்கள் என்றது சுவீடனையும் நார்வேயையும். 1814 முதல் இரு நாடும் ஒரே அரசரின்கீழ் இருந்தன. 1905இல் நார்வே பிரிந்தது. அக்டோபர் 26 அன்று ஆஸ்கர் நார்வேயின் அரியணையைத் துறந்தார். முப்பத்து மூன்று ஆண்டு சொல்லிவந்த வாசகத்துக்கு இப்போது பாதிப் பொருள் இல்லை. ‘சுவீடனின் நலம்’ என்று மாற்றிக்கொண்டார். 1906, 1907 ஆண்டுகளின் சின்ன வெண்கல ‘ஓரே’ காசுகளில்கூட (நூறு ஓரே சேர்ந்தால் ஒரு குரோனா) அந்தப் புதிய வாசகம் இருக்கிறது. 1907 டிசம்பரில் அவர் இறந்துவிட்டார். பழைய ஓரே ஒன்றையும் 1906இன் ஓரே ஒன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால், ஒரு நாடு கைவிட்டுப் போனதை அந்த ஒற்றைச் சொல் மாற்றத்தில் பார்க்கலாம். ‘கொண்டதை விட்டு வேறொன்று கொண்டார்’ என்று இதை எழுத முடிகிறது. குறிக்கோளுரையோடு இந்த வாக்கியம் அமைவதில்லை.

எல்லை ஒன்றும் சொல்லிவிடுகிறேன். நாடு, பல்கலைக்கழகம், நிறுவனம் இவற்றின் வாசகத்துக்குக் குறிக்கோளுரை இருக்கட்டும். சுவீடன்காரர்களும் விருது அணிகளிலும் கேடயங்களிலும் இருக்கும் வாசகத்தை ‘தெவீஸ்’ என்று தனியாகச் சொல்கிறார்கள். 1748இல் ஏற்பட்ட துருவ விண்மீன் விருதணியில் ‘அது மறைவதை அறியாது’ என்று லத்தீனில் இருக்கிறது. அது விருதணிக்குச் சொந்தம், எந்த அரசர் வந்தாலும் மாறாது. கொள்மொழி ஓர் ஆளுக்கு மட்டும்.

கடைசியாக, அட்டவணையின் கடைசி வரிசை. 1973 செப்டம்பரில் தாத்தா இறந்ததும் 27 வயதில் அரியணை ஏறியவர் பதினாறாம் கார்ல் குஸ்தாவ். ‘கடவுள் அருளால் சுவீடியர், கோத்தர், வெந்தர் ஆகியோரின் அரசர்’ என்று நூற்றாண்டுகளாக வந்த பட்டத்தைச் சுருக்கி வெறுமனே ‘சுவீடனின் அரசர்’ ஆனார். அவருடைய கொள்மொழி ‘ஃபோர் ஸ்வேரியே, ஈ தீதென்’. முன்பாதி எளிது: ‘சுவீடனுக்காக’. பின்பாதியில்தான் மாட்டிக்கொண்டேன். ‘காலத்துக்கேற்ப’ என்றால் வளைந்துகொடுப்பவர்போல ஆகிறது. ‘காலத்தோடு’ அழகாக இருக்கிறது, ஆனால் வீட்டில் ‘காலத்தோட சாப்பிடு’ என்றால் நேரத்துக்குச் சாப்பிடு என்றுதானே பொருள்? ‘இக்காலத்தில் நின்று’ என்றால் பொருள் சரி, நாணயத்தில் பொறிக்கிற அளவுக்குச் சுருக்கம் இல்லை. இப்போதைக்கு ‘சுவீடனுக்காக, காலத்தோடு’ என்றே போட்டிருக்கிறேன்.

ஞாயிற்றுக்கிழமை அட்டவணையை ஏற்றலாம் என்றிருக்கிறேன். அதற்குள் ‘கொள்மொழி’க்கு மறுப்பு இருந்தால் எழுதுங்கள். ஐயா, குறிப்பாக உங்கள் பதிலுக்காகக் காத்திருக்கிறேன். ‘ஈ தீதென்’னுக்கு யாருக்காவது இதைவிட நல்ல சொல் தோன்றினால் அதையும் அனுப்புங்கள்.

அன்புடன்