தேயிலை மலையில் அகச்சிவப்புப் படம்: மறக்க முடியாத அனுபவம் இருந்தால் எழுதுங்கள்

லிந்துலைக்காரன்:
ஆர்72 ஃபில்டர் வைத்திருப்பவர்களுக்கு விளக்கம் தேவையில்லை. மற்றவர்களுக்கு ஒரு வரி: கண்ணுக்குத் தெரியும் ஒளியைப் பெரும்பாலும் தடுத்து, சுமார் 720 நானோமீட்டருக்கு மேற்பட்ட அகச்சிவப்பை மட்டும் லென்ஸுக்குள் விடும் கண்ணாடி அது. இனி விஷயத்துக்கு வருகிறேன். போன மாசியில் ஊரில் நின்றேன். நல்ல உச்சி வெயில். அம்மா லயத்து (தோட்டத் தொழிலாளர் வரிசை வீட்டு) வாசற்படியில் உட்கார்ந்திருந்தார், பின்னால் மலை முழுக்கத் தேயிலை. புல்லைக் காட்டி வெள்ளைச் சமநிலை (கமராவின் நிறச் சரிசெய்தல்) எடுத்து, ஒளி உணர்திறனை ஐஎஸ்ஓ 800இல் வைத்து, ஷட்டர் 10 செக்கன் திறந்திருக்க வைத்தேன். "கொஞ்சம் அசையாம இருங்கம்மா" என்றேன். அசையவே இல்லை.

வானம் கருத்து, தேயிலை வெளுத்து, படம் அருமையாக வந்திருந்தது. சந்தோஷத்தில் ஓடிப்போய்க் காட்டினேன். அம்மா மலையைப் பார்க்கவில்லை, தன்னைத்தான் பார்த்தார். கட்டியிருந்தது கருஞ்சிவப்பு நைலக்ஸ் சேலை. படத்தில் அது வெள்ளைச் சேலை. நெற்றியில் குங்குமத்தைக் காணோம்.

அப்பா அன்று ஆஸ்பத்திரியில், ஆறாவது நாள். "இத அழிச்சிருய்யா" என்றார் அம்மா. வேறு ஒரு வார்த்தை இல்லை. உடனே அழித்தேன். அப்பா பிறகு சுகமாகி வந்துவிட்டார், இப்போதும் நன்றாக இருக்கிறார். ஆனால் அம்மா சொன்ன அந்தக் குரல் இன்னும் காதில் நிற்கிறது. அகச்சிவப்பில் சாயத் துணி வெளுக்கும் என்று எனக்குத் தெரியும். காட்டுவதற்கு முன் ஒரு நிமிடம் யோசித்திருக்கலாம்.

பண்டாரவளை பஸ்:
வாசித்ததும் மனம் என்னவோ செய்துவிட்டது. என்னுடையது அந்தளவுக்கு இல்லை, ஆனால் இன்றும் உறுத்துகிறது. ஹப்புத்தளை லிப்டன் சீட், விடிந்து ஒரு மணி நேரம் இருக்கும். அகச்சிவப்பு மூடுபனியை ஊடுருவும் என்று யாரோ சொன்னதை நம்பிப் போனேன். வந்ததெல்லாம் வெள்ளைச் சுவர். கடைசியாக ஒன்று எடுப்போம் என்று 30 செக்கன் வைத்தேன். ஷட்டர் மூடிய அதே கணத்தில் பனி விலகியது. கீழே தோட்டங்கள், பாதைகள், தெற்கே சமவெளி, அத்தனையும் வெயிலில். கமராவோ பூட்டிக் கிடக்கிறது! நீண்ட ஒளிப்பதிவுக்கான இரைச்சல் குறைப்பை நிறுத்த மறந்துவிட்டேன். 30 செக்கன் படத்துக்குப் பிறகு இன்னொரு 30 செக்கன் அது இருட்டுப் படம் எடுக்குமல்லவா? அது முடிவதற்குள் பனி திரும்பவும் மூடிவிட்டது. அகச்சிவப்பு எதையும் ஊடுருவாது, அது வெறும் பேச்சு. பச்சையம் அதைத் திருப்பி அனுப்புவதால் இலை வெளுக்கிறது, அவ்வளவுதான்.

டெவன் வளைவு:
பஸ் அண்ணா, இரண்டிலும் கொஞ்சம் திருத்தம். மூடுபனியின் துளி 720 நானோமீட்டர் அலைநீளத்தைவிடப் பத்து மடங்குக்கு மேல் பெரியது, அதனால் அகச்சிவப்பும் சிதறிப்போகும். பகலில் தூரத்து மலைகளை நீலமாக்கும் மெல்லிய புகார் (புகைமூட்டம்) வேறு. அதன் துகள்கள் மிகச் சிறியவை, அங்கே ஃபில்டர் உண்மையிலேயே வேலை செய்யும். மழை விட்ட மறுநாள் பத்து மணிக்கு மேல் திரும்பப் போய்ப் பாருங்கள். அப்புறம், இலையை வெளுப்பாக்குவது பச்சையம் அல்ல. பச்சையம் இந்த ஒளியை உறிஞ்சுவதே இல்லை என்று சொல்லலாம். உள்ளே செல்களுக்கும் காற்று இடைவெளிகளுக்கும் நடுவே ஒளி சிதறித் திரும்புகிறது. ராபர்ட் வுட் 1910இல் இப்படிப்பட்ட படங்களை வெளியிட்டதால்தான் அதற்கு வுட் விளைவு என்று பெயர்.

என் கதை சின்னது. டெவன் நீர்வீழ்ச்சிக்கு எதிரே, வீதியோரம், லென்ஸ் துவாரத்தைச் சிறிதாக்கி எஃப்16 வைத்து எடுத்த பதினெட்டுப் படத்திலும் நடுவில் வெளிறிய வட்டம். அருவி விழும் இடத்திலேயே. லென்ஸ் உள்ளே தெறிக்கும் ஒளி அது, துவாரத்தைச் சிறிதாக்கினால் இன்னும் மோசமாகும். துவாரத்தைப் பெரிதாக்கி எஃப்5.6க்கு வந்தால் பல லென்ஸ்களில் அடங்கிவிடும்.

புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சில விஷயம். முதலில் டிவி ரிமோட்டைக் கமராவுக்குக் காட்டி அழுத்துங்கள். திரையில் விளக்கு தெரிந்தால் உங்கள் சென்சார் கொஞ்சமாவது அகச்சிவப்பை உள்ளே விடுகிறது. சென்சாருக்கு முன்னால் அதைத் தடுக்கும் கண்ணாடி இருப்பதால்தான் இவ்வளவு செக்கன் தேவைப்படுகிறது. பழைய நிக்கான் டி70இல் அந்தத் தடுப்பு பலவீனம், அதனால் அதைத் தேடி வாங்குகிறவர்கள் உண்டு. உள்ளே முகக்கண்ணாடி வைத்து வியூஃபைண்டரில் காட்டும் டிஎஸ்எல்ஆர் கமராவில் ஃபில்டர் போடுவதற்கு முன்பே ஃபோகஸ் செய்துவிடுங்கள், போட்ட பிறகு வியூஃபைண்டரில் ஒன்றுமே தெரியாது. அந்த வியூஃபைண்டரையும் மூடிவையுங்கள், பின்பக்கத்தால் ஒளி புகும். மிக முக்கியம்: ஃபில்டரைக் கண்ணில் பிடித்துச் சூரியனைப் பார்க்கவே பார்க்காதீர்கள். இருட்டாகத் தெரிந்தாலும் அகச்சிவப்பு முழுதாகக் கண்ணுக்குள் போகும்.

தவறணை:
லிந்துலை தம்பி, குங்குமத்தின் சிவப்பு அகச்சிவப்பில் தோலின் அளவுக்கே வெளுத்துவிடும், அதனால்தான் மறைந்துபோனது. இனி ஆட்களை எடுத்தால் ஃபில்டர் இல்லாமல் ஒன்றும் சேர்த்து எடுங்கள், முதலில் அதைக் காட்டுங்கள். இன்னொன்று. கார்டில் அதற்குப் பிறகு எதுவும் பதியவில்லை என்றால், அழித்த கோப்பை மீட்க மென்பொருள் இருக்கிறது. மீட்டபின் கறுப்பு வெள்ளையாக்கி, சேலையை மட்டும் கொஞ்சம் கருக்கலாம். வேண்டுமானால் நான் செய்து தருகிறேன்.

லிந்துலைக்காரன்:
நன்றி அக்கா. மீட்கலாம் என்று எனக்கும் தெரியும். அம்மா அழிக்கச் சொன்ன படம், அதனால் மனம் வரவில்லை. அந்தக் கார்டை அன்றைக்கே கழற்றி வைத்தேன். அதில் இதுவரை வேறு படம் எடுக்கவும் இல்லை.