ஒடுகத்தூர் வீடு (குடும்ப குரூப்)

வனிதா, இரவு 9.42: யாராச்சும் முழிச்சினு கீறீங்களா. மாமாவுக்கு திடீர்னு குளிர் ஜுரம், கட்டிலே ஆடுது, ரெண்டு கம்பளி போர்த்தியும் பல்லு கடகடன்னு அடிச்சுக்குது. எங்க வீட்டுக்காரருக்கு போன் போட்டா எடுக்கல, நைட் ஷிப்ட்

கோமதி அத்தை: ஐயோ அண்ணனுக்கா. சுக்கு மிளகு தட்டி கஷாயம் வெச்சு குடும்மா, மழைல நனைஞ்சிருப்பாரு

பாபு: டோலோ கீதா

வனிதா: சாயந்தரமே போட்டாரு. அஞ்சு நாளா ஜுரம் வர்றதும் போறதுமா கீது, மெடிக்கல்ல வாங்கின மாத்திரைதான். யார்கிட்டயும் சொல்லாத, பாபு வீட்டு காதுகுத்து கெட்டுடும்னாரு

பாபு: அடடா. வள்ளிமலைல மண்டபத்துக்கு அட்வான்ஸ் வேற குடுத்தாச்சு

சரளா, 9.47: வனிதா கஷாயம் வேணாம், நடுங்கும்போது வாயில ஊத்தினா புரையேறி மூச்சுக்குழாய்க்கு போயிடும். பேர் சொல்லி கூப்பிடு, தெளிவா பதில் சொல்றாரா பாரு, ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சுனு எண்ணு, பாதம் சில்லுனு கீதா, ஒண்ணுக்கு எப்ப போனாரு. ஜுர வார்டுல வேலை பாத்தவ சொல்றேன், குளிர்றது வேற, ஆளையே தூக்கித் தூக்கி போடுற நடுக்கம் வேற, ரத்தத்துல கிருமி கலந்துட்டா இப்படி வரலாம், சக்கரை இருக்கிற மனுஷன் 67 வயசுல விடியட்டும்னு வெச்சுனு இருக்கக் கூடாது

வனிதா, 9.51: மூச்சு 32. நெத்தி கொதிக்குது பாதம் ஐஸு. காலைல ஒண்ணுக்கு போனதோட சரி. என்ன பாத்து, அம்மா சந்தைலருந்து வந்துட்டாங்களான்னு கேக்குறாரு

கோமதி அத்தை: எங்கம்மாவையா கேக்குறாரு. கடவுளே

சரளா: 108 அடி. இப்பவே. அப்பா, நீங்க குரூப்ப பாத்துனுதான் கீறீங்கன்னு தெரியுது, காரை எடுங்க

கோமதி அத்தை: தனபாலு அந்த வாசப்படி மிதிச்சு நாலு வருஷம் ஆவுது, கிணத்து மோட்டார் தகராறுலருந்து

சரளா: அத்தை அது இப்ப வேணாம்

தனபால், 9.55: வாசல்ல கீறேன். கதவத் தெற

வனிதா: 108 வேற கேஸ்ல கீதாம், 40 நிமிஷம்ன்றாங்க

சரளா: நிக்காதீங்க, கார்ல கிளம்புங்க, 108க்கு திரும்ப போன் பண்ணி எந்த ரோட்டுல வர்றீங்கன்னு சொல்லு, வழில மாத்திக்கலாம், அதுல ஆக்சிஜன் இருக்கும். ஒருக்களிச்சு படுக்க வை. மாத்திரை எல்லாத்தையும் அட்டையோட ஒரு கவர்ல போடு, சக்கரை மாத்திரை இப்ப குடுக்காத, மிஷின்ல சக்கரை மட்டும் பாத்துடு. இன்னொண்ணு, டார்ச் அடிச்சு அக்குள், தொடை இடுக்கு, அரைஞாண் கயிறு கிட்ட பாரு, பீடில சுட்ட மாதிரி கறுப்பா பொருக்கு கீதான்னு

பாபு: அது எதுக்கு

சரளா, 10.01: உண்ணிக் காய்ச்சல், ஸ்க்ரப் டைஃபஸ்னு சொல்லுவாங்க. புல்லு புதர்ல கண்ணுக்கே சரியா தெரியாத பூச்சிக் குஞ்சு கடிச்சு வர்றது, மழை விட்டதும் ஐப்பசிலருந்து தை வரைக்கும் நம்ம பக்கம் நிறைய பாத்திருக்கேன், பெரியப்பா மலையடிவாரத்துல மாட்டுக்கு புல்லு அறுக்கப் போறாரு இல்ல. கடிச்ச இடம் வலிக்காது, அதனால அவருக்கே தெரிஞ்சிருக்காது, ஜுரம் ஒரு வாரம் பத்து நாள் கழிச்சுதான் வரும். டாக்ஸிசைக்ளின்னு விலை கம்மியான மாத்திரை, சீக்கிரம் போட்டா ரெண்டு மூணு நாள்ல ஜுரம் எறங்கிடும், கவனிக்காம விட்டுட்டா நுரையீரல் கிட்னின்னு ஒவ்வொண்ணா இழுத்துடும். முத்தினவங்களுக்கு அதையும் அசித்ரோமைசினையும் சேர்த்தே நரம்புல ஏத்தினா நல்லதுன்னு 2023ல வந்த ஆராய்ச்சி நம்ம வேலூர் சிஎம்சி ஆஸ்பத்திரி டாக்டருங்க முன்ன நின்னு பண்ணதுதான். பொருக்கு எல்லாருக்கும் இருக்காது, இதுதான்னும் நான் சொல்லல, சக்கரைக்காரங்களுக்கு மூத்திரத்துல கிருமி போனாலும் இதே நடுக்கம் வரும், ரத்தம் எடுத்துப் பாத்தாதான் தெரியும்

வனிதா, 10.04: கீது அண்ணி. அரைஞாண் கயிறு அழுத்துற இடத்துல, துவரம்பருப்பு அளவு கறுப்பு, சுத்தி செவப்பு. கயிறு உரசின புண்ணுன்னு நெனச்சேன். சக்கரை 286

சரளா: டாக்டர்கிட்ட மொதல்ல அதக் காட்டு

பாபு: நேரா சிஎம்சி போங்க பணம் நான் போடுறேன்

தனபால்: 108 அடுக்கம்பாறை கவர்மெண்ட் ஆஸ்பத்திரின்றான்

சரளா: எது கிட்டயோ அங்க, மொதல்ல டிரிப் ஏறணும், மத்தது அப்புறம்

கோமதி அத்தை, 10.12: எங்க வீட்டுக்காரருக்கும் அன்னிக்கு இதே நடுக்கம்தான் சரளா. விடியட்டும்னு நான்தான் சொன்னேன்

சரளா: அத்தை அழாதீங்க. அன்னிக்கு யாருக்கும் தெரியல

செல்வம், 10.19: இப்பதான் போன பாத்தேன். ராணிப்பேட்டைலருந்து கிளம்புறேன். அப்பா பேசுறாரா

தனபால், 10.36: ஊசூர்ல 108க்கு மாத்தியாச்சு. கார பக்கத்து வீட்டு பையன் ஓட்டினு வரான். நான் அண்ணன் கூட உள்ள கீறேன், கைய விடமாட்டேன்றாரு

வனிதா: அவசரத்துல மாட்ட கொட்டாய்ல கட்டாம வந்துட்டேன், காலைல பால் வேற கறக்கணும்

கோமதி அத்தை: பொய்கை சந்தைல வித்துடுங்கன்னு போன மாசமே சொன்னேன், இந்த வயசுல புல்லுக்கு அலையணுமா

செல்வம்: அது அப்பாவோட மாடு அத்தை, அவர் வந்து சொல்லட்டும்

வனிதா, 11.14: பிரஷர் 80/50ஆம். ரெண்டு கைலயும் டிரிப், ரத்தம் எடுத்துட்டாங்க. பொருக்க பாத்ததும் டாக்டர் டாக்ஸிசைக்ளின் உடனே போடச் சொன்னாரு. ஐசியுல சேக்கறாங்க

சரளா: மூத்திரம் எவ்ளோ வருதுன்னு கேட்டுனே இரு. நான் காலைல ட்யூட்டி மாத்தினு வரேன்

பாபு: ஞாயித்துக்கிழமை தள்ளி வெச்சுடலாமா

கோமதி அத்தை: பெரிய மாமா இல்லாம எப்படி. பத்திரிகையும் குடுத்தாச்சு. ஒண்ணும் புரியல

தனபால், 1.20: பிரஷர் 100 வந்துச்சு. கண்ண தெறந்து மோட்டார நிறுத்தினியான்னு கேட்டாரு. நிறுத்திட்டேன் ணான்னு சொன்னேன்

செல்வம்: நாளைக்கு ராத்திரி யார் தங்குறது சித்தப்பா, எனக்கு லீவு சொல்லல

தனபால்: பாக்கலாம். பால் கறக்க ஆள் சொல்லிட்டேன்

கோமதி அத்தை: நான் குடியாத்தத்துலருந்து மொத பஸ்ல வரேன். போர்வை கீதா அங்க