சீசனில் வாங்கியவர்கள் திரும்ப வருவதில்லை, ஹோம்ஸ்டேக்காரர்களிடம் பாக்கி நிற்கிறது: உங்கள் அனுபவம் தேவை

கட்டபெட்டு டீ:
வணக்கம். கோத்தகிரி பக்கம் எங்களுக்குச் சின்ன டீத்தூள் வியாபாரம். ஃபேக்டரிகளில் ஆர்த்தோடாக்ஸும் (மணத்துக்குப் பேர்போன, இலையைச் சுருட்டிச் செய்யும் தூள்) சிடிசியும் (பால் டீக்கு ஏற்ற குருணைத் தூள்) வாங்கிக் கலந்து நாங்களே பாக்கெட் போடுகிறோம். அம்மா ஆரம்பித்தது, இப்போது நான் பார்க்கிறேன். ஏப்ரல், மே மாதங்களில் கீழே இருந்து வருகிறவர்கள் நன்றாக வாங்குகிறார்கள், நம்பர் கூட கேட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள், அப்புறம் சத்தமே இல்லை. 2024 மே மாதம் நீலகிரிக்கு வரும் வண்டிகளுக்கு இ-பாஸ் (ஆன்லைன் அனுமதிச் சீட்டு) வந்து, 2025 சீசனில் வார நாளுக்கு 6,000 வண்டி, வார இறுதிக்கு 8,000 என்று வரம்பும் வைத்த பிறகு, கடைக்கு வருகிற கூட்டத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது என்று நினைக்கிறேன். தினமும் காலை வணக்கம் படம் அனுப்பு என்கிறார்கள் நண்பர்கள், எனக்கு மனம் ஒப்பவில்லை.

இன்னொன்று, ஊட்டியில் சில ஹோம்ஸ்டேக்கள் மாதாமாதம் சரக்கு எடுக்கிறார்கள், பணம் மூன்று மாதம் ஆனாலும் வருவதில்லை. எல்லாம் அம்மா காலத்துப் பழக்கம். கேட்டால் உறவு கெடும் என்று அம்மா சொல்கிறார். டிராவல்ஸ் டிரைவர்கள் கமிஷன் வேறு கேட்கிறார்கள். என்ன செய்யலாம்?

வர்க்கி அக்கா, குன்னூர்:
படம் அனுப்பாதே தம்பி, நல்லவேளை கேட்டாய். நாங்கள் பேக்கரியில் செய்வதைச் சொல்கிறேன். நம்பர் வாங்கும்போதே பக்கத்தில் ஒரு வரி எழுதி வைத்துவிடுவோம், என்ன வாங்கினார், எந்த ஊர், வீட்டில் யாருக்கு என்று. உன் தொழிலில் அது இன்னும் சுலபம்: பால் டீயா, கறுப்பு டீயா, ஸ்ட்ராங்காக வேண்டுமா, மணம் வேண்டுமா. டிசம்பர், ஜனவரியில் உறைபனி விழும்போது வருகிற ஆர்த்தோடாக்ஸின் மணம் தனி என்று உனக்கே தெரியும். அந்தத் தூள் கைக்கு வந்த அன்று கறுப்பு டீ குடிப்பவர்களுக்கு மட்டும் ஒரு செய்தி போடு. பால் டீக்காரர்களுக்கு அது எதற்கு? அவர்களுக்குச் சிடிசி நன்றாக அமைந்த சமயம் பார்த்துச் சொல். வருடத்துக்கு மூன்று நான்கு செய்திக்கு மேல் போகாது, ஆனால் திறந்து படிப்பார்கள்.

ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் வாட்ஸ்அப் பிராட்காஸ்ட் லிஸ்ட்டில் போட்டால், உன் நம்பரைத் தங்கள் போனில் பதிந்து வைத்திருப்பவர்களுக்கு மட்டும்தான் அது போய்ச் சேரும், ஒரு லிஸ்ட்டில் 256 பேர்தான். அதனால் கடையில் நிற்கும்போதே ஒரு ஹலோ அனுப்பி, பதிந்துகொள்ளச் சொல்லிவிடு.

மழையில் மேட்டுப்பாளையம் ரோட்டில் மண் சரிந்து பார்சல் நின்றால், அவர்கள் கேட்கும் முன் நீயே சொல்லிவிட வேண்டும். மழைக்காலத்துத் தூளில் மணம் குறைவு என்றால் அதையும் சொல். ‘இந்த மாதம் வேண்டாம், அடுத்த மாதம் வாங்குங்கள்’ என்று சொல்கிற கடையை யாரும் விட மாட்டார்கள்.

ஹோம்ஸ்டே நடத்துபவன், ஊட்டி:
வாங்குகிற பக்கத்தில் இருந்து சொல்கிறேன். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை எங்கள் அறைகள் பாதிக்கு மேல் காலி, செப்டம்பரில் இரண்டாவது சீசன் தொடங்கினால்தான் மறுபடி கையில் காசு புரளும். அந்த நேரத்தில் மூன்று மாத பாக்கியை மொத்தமாகக் கேட்டால் யாராக இருந்தாலும் முகம் சுருங்கத்தான் செய்யும். எனக்குக் கோழி போடுகிறவர் மாதம் 5ஆம் தேதி ஆனால் கணக்கு அனுப்பிவிடுவார், தொகை சின்னதோ பெரியதோ. அவருக்குத்தான் முதலில் கொடுக்கிறேன். கேட்காதவருக்கு அவசரமில்லை என்றுதானே எடுத்துக்கொள்வோம். உங்கள் அம்மா மேல் மரியாதை இருக்கிறது, ஆனால் உறவைக் கெடுப்பது ஏறிப்போன பாக்கி, கேட்பதல்ல.

மழை மாதங்களில் நீங்களே சரக்கைப் பாதியாகக் குறைத்துக் கொடுங்கள். எங்களுக்கும் பழைய தூள் தேங்காது. விருந்தாளிகள் டீ எங்கே வாங்கியது என்று கேட்கிறார்கள், மேசையில் உங்கள் கார்டு வைக்கலாமா என்று ஹோம்ஸ்டேக்காரரிடம் கேட்டுப் பாருங்கள். கேட்காமல் பாக்கெட்டுக்குள் போட்டுவிடாதீர்கள்.

கணக்கு, மேட்டுப்பாளையம்:
உத்யம் பதிவு (சிறு தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு) இருக்கிறதா? கலந்து பாக்கெட் போடுவதால் உற்பத்தி என்று பதியலாம், வெறுமனே வாங்கி விற்பவர்களுக்கு நான் சொல்லப்போகிற பாதுகாப்பு கிடையாது. 2006ஆம் ஆண்டு எம்எஸ்எம்இ (குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள்) சட்டப்படி, எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதிகபட்சம் 45 நாள், இல்லாவிட்டால் 15 நாளில் பணம் தர வேண்டும். தாண்டினால் ரிசர்வ் வங்கியின் வங்கி வீதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதக் கூட்டு வட்டி.

கட்டபெட்டு டீ:
உத்யம் இருக்கிறது சார். ஆனால் எல்லாரும் ஒரே கல்யாணத்தில் பந்தியில் உட்காருகிற ஊர் இது. நோட்டீஸ் எல்லாம் எப்படி அனுப்புவது?

கணக்கு, மேட்டுப்பாளையம்:
நோட்டீஸ் வேண்டாம் என்றுதான் நானும் சொல்வேன். பில்லின் அடியில் உத்யம் எண்ணும் ‘30 நாளில் செலுத்தவும்’ என்ற வரியும் எல்லாருக்கும் ஒரே மாதிரி அச்சாகி வரட்டும், அது போதும். ஒருவரைக் குறிவைத்துக் கேட்டதாக யாருக்கும் தோன்றாது. பெரிய ரிசார்ட் ஏதாவது இழுத்தடித்தால் அப்போது சட்டம் கைகொடுக்கும்.

மலைப்பாதை டிரைவர்:
கமிஷன் பற்றி யாரும் பேசவில்லையே. நான் ஊட்டியில் வண்டி ஓட்டுகிறேன். கமிஷன் கொடுத்தால் அதை டீத்தூள் விலையில்தான் ஏற்றுவீர்கள், வாங்கினவர் கீழே போய் அதே தூளைக் குறைந்த விலையில் பார்த்தால் திட்டுவது என்னையும் சேர்த்துத்தான். அடுத்த முறை எனக்குப் போன் வராது. நான் ஆள் கூட்டிப் போகிற இரண்டு கடையிலும் கமிஷன் இல்லை. வண்டி நிறுத்த இடம், சுத்தமான கழிப்பறை, எனக்கு ஒரு சூடான டீ. விருந்தாளி முன்னால் என்னை ‘வாங்கண்ணா’ என்பார்கள், என்னை நம்பி வந்தவருக்குக் கெட்ட சரக்கு கொடுக்க மாட்டார்கள். எல்லா டிரைவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள், ஒத்துக்கொள்கிற நாலு பேரைப் பிடித்தால் போதும்.

கட்டபெட்டு டீ:
எல்லாருக்கும் நன்றி. அக்கா, பழைய பாக்கிக்கு முதல் முறை எப்படி எழுதிக் கேட்பது?

வர்க்கி அக்கா, குன்னூர்:
சுற்றி வளைக்காதே. ‘அண்ணா, இதுவரை எடுத்த சரக்கின் கணக்கு அனுப்பியிருக்கிறேன், சரியா என்று பாருங்கள். இரண்டு தவணையாகக் கொடுத்தாலும் சரி, எந்தத் தேதி உங்களுக்கு வசதி?’ என்று எழுது. தேதியை அவரே சொல்லட்டும். சொன்ன தேதிக்கு முதல் நாள் ஒரு போன் செய். அதுவரை அடுத்த சரக்கு கொஞ்சமாகப் போகட்டும், முழுக்க நிறுத்திவிடாதே.