வயலைக் காயவிட்டால் விளைச்சல் குறையாதா?

கேள்வி: நெல் நடவு முடிந்து 15 நாள் ஆகிறது. காய்ச்சலும் பாய்ச்சலுமாக நீர் கட்டச் சொல்கிறார்கள். எதுவரை காயவிடலாம்?

பதில்: நீர்மட்டம் பார்க்க, 30 செ.மீ. நீளப் பிளாஸ்டிக் குழாயின் கீழ்ப்பாதியில் துளைகள் போட்டு, அந்தப் பாதியை மண்ணில் புதையுங்கள். உள்ளே இருக்கும் சேற்றை அள்ளிவிட வேண்டும். முதல் தடவை அதை மறந்துவிட்டு, குழாயில் தண்ணீரே இல்லையென்று பதறி மோட்டார் போட்டவன் நான்! நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 செ.மீ. இறங்கியதும் 5 செ.மீ. உயரம் கட்டினால் போதும். விளைச்சல் குறையாது. வயலிலிருந்து வெளியேறும் மீத்தேன் வாயுவும் குறையும்.

இன்னொருவர்: பூக்கும் சமயத்தில் மட்டும் காயவிடாதீர்கள், பதராகிவிடும்.

கேட்டவர்: சரி, களை?

பதில்: கொஞ்சம் கூடுதலாகத்தான் வரும். கோனோ வீடர் (கையால் தள்ளும் களையெடுக்கும் கருவி) ஓட்டுங்கள்.