த்ரீ ஃபேஸ் வீட்டுக்கு வைஃபை மின் அளவி: அனுபவம் உள்ளவர்கள் உதவுங்கள்

வணக்கம் நண்பர்களே. தமிழ்நாட்டில் இரண்டு மாதத்துக்கு 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும். பில் வந்தபின் முழிப்பதைவிட, அன்றன்றைக்கு எவ்வளவு ஓடுகிறது என்று போனில் பார்க்க ஆசை. ஈபி மீட்டர் சீல் வைத்தது, அதைத் தொடப்போவதில்லை. அதற்கு அப்புறம் வரும் டிபி பாக்ஸில்தான் (வீட்டுக்குள் மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டி) வேலை.

இப்போது ஒரு ஃபேஸில் மட்டும் எஸ்சிடி-013 கிளாம்ப் (ஒயரைச் சுற்றி மாட்டும் கரண்ட் சென்சார்) மாட்டி, ஈஎஸ்பி32 என்ற சின்ன வைஃபை போர்டு வழியாக ஹோம் அசிஸ்டன்ட் என்ற வீட்டு ஆட்டோமேஷன் மென்பொருளுக்கு அனுப்புகிறேன். ஏசி ஓடும்போது அளவு நம்பும்படி இருக்கிறது. எல்லாவற்றையும் அணைத்த பிறகும் கொஞ்சம் கரண்ட் போவதாகக் காட்டுகிறது! போர்டின் ஏடிசி (சென்சார் சிக்னலை எண்ணாக மாற்றும் பகுதி) இரைச்சல்தான் காரணம் என்று நினைக்கிறேன். தவிர, கிளாம்ப் கரண்டை மட்டுமே அளக்கும். பவர் ஃபேக்டர் (வோல்டேஜையும் கரண்டையும் பெருக்கி வருவதில் உண்மையாகச் செலவாகும் பங்கு) தெரியாமல் வாட்ஸ் கணக்குப் போட்டால் ஃபிரிட்ஜ், மோட்டார் எல்லாம் கூடுதலாகத்தான் தெரியும்.

அதனால் ஃபேஸுக்கு ஒன்றாக மூன்று பிஇசட்இஎம்-004டி மின் அளவி மாட்யூல் வாங்கலாம் என்று இருக்கிறேன். வோல்டேஜையும் சேர்த்து அளந்து, யூனிட்டையும் அதுவே கணக்கிடும். மின்சாரம் போய் வந்தாலும் அந்தக் கணக்கு அழியாது. மூன்றையும் தனித்தனி முகவரி கொடுத்து ஒரே சீரியல் லைனில் (போர்டுக்குத் தகவல் போகும் ஒயர்) ஓட்டியவர்கள் இருக்கிறீர்களா? ஈஎஸ்பி32-இன் 3.3 வோல்ட்டில் ஒழுங்காகப் பேசுகிறதா, கூடுதல் ரெசிஸ்டர் போட வேண்டியிருந்ததா? டிபி பாக்ஸ் இரும்புப் பெட்டி என்பதால் வைஃபை சிக்னல் குறித்தும் சந்தேகம். வெளி ஆன்டெனா வைத்த போர்டு போதுமா, போர்டையே வெளியே வைப்பதா?

மெயின் லைன் இணைப்பை எலக்ட்ரீஷியன்தான் செய்வார். வோல்டேஜ் ஒயர்களுக்கு எத்தனை ஆம்பியர் ஃப்யூஸ் போட்டீர்கள் என்று சொன்னால் அவரிடம் காட்டுவேன். போட்டோ இருந்தால் இன்னும் நல்லது.