'அருளர்' இசைத்தொகுப்பை முதன்முதலில் கேட்ட நாள்: உங்கள் அனுபவங்களைப் பகிருங்கள்

தென்லண்டன்வாசி:
2005ஆம் ஆண்டு வசந்த காலத்தில் இங்கே ஓர் இசைத்தட்டுக் கடையில் அந்த உறையைக் கண்டேன். ஈழத்தமிழ் ராப் பாடகி எம்.ஐ.ஏ.யின் முகத்தைச் சுற்றி ஸ்டென்சில் ஓவியங்கள், அவற்றோடு 'அருளர்' என்ற பெயர். பாட்டு எப்படி இருக்கும் என்று யோசிக்காமலேயே வாங்கிவிட்டேன். வீட்டுக்கு வந்து தட்டைச் சாப்பாட்டு மேசையில் வைத்துவிட்டுக் கை கழுவித் திரும்பியபோது, அப்பா உறையைக் கண்ணுக்கு அருகில் பிடித்தபடி, சோறு ஆறுவதையும் கவனியாமல் நின்றுகொண்டிருந்தார். “இது அருளரின்ர மகளோ?” என்று கேட்டார். ஆம் என்றேன்.

அப்பாவுக்கு அருளர் என்றால் முதலில் 'லங்கா ராணி' நாவலை எழுதியவர். 1977 கலவரத்துக்குப் பிறகு கொழும்பிலிருந்து தமிழர்களைக் காங்கேசன்துறைக்கு ஏற்றிச்சென்ற அந்தக் கப்பலின் கதையை அப்பா யாழ்ப்பாணத்தில் இரவல் வாங்கி ஒரே இரவில் வாசித்து முடித்தவர். ஆங்கில ராப் ஒன்றும் புரியாத அவர், அன்று தொகுப்பு முழுவதையும் நாற்காலியை விட்டு எழாமல் கேட்டார். கடைசியில் அவர் கேட்டது இதுதான்: “தகப்பன்ர பேரை வைச்சிருக்கிறா, சரி. தகப்பனைப் பற்றி எந்தப் பாட்டில சொல்லுறா?” என்னிடம் பதில் இருக்கவில்லை. இத்தனை ஆண்டுகளாக அந்தக் கேள்வி என்னை விடவில்லை. அதனால்தான் உங்களிடம் கேட்கிறேன்.

மாட்டுத்தாவணி:
நான் மதுரைக்காரன், சென்னையில் பொறியியல் படித்தவன். 2009 ஜனவரி இறுதியில் ஈழப் போரை நிறுத்தக் கோரி முத்துக்குமார் சென்னையில் தீக்குளித்து இறந்த பிறகு, மாணவர் போராட்டம் பரவியதால் கல்லூரிகளை மூடி விடுதிகளைக் காலி செய்யச் சொன்னார்கள். ஊருக்குப் புறப்பட்ட அந்த இரவுப் பேருந்தில்தான், அறை நண்பன் என் கைப்பேசியில் ஏற்றிக்கொடுத்திருந்த இந்தத் தொகுப்பைக் கேட்டேன். 'பேப்பர் பிளேன்ஸ்' என்ற பாட்டு வழியாகவும், ரகுமானுடன் எம்.ஐ.ஏ. பாடிய பாட்டு ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டிருந்ததன் வழியாகவும் அவரை அறிந்திருந்தேன். வன்னியில் குண்டு விழுந்துகொண்டிருந்த நாட்கள் அவை. விழுப்புரம் தாண்டியது, திருச்சி தாண்டியது, நான் ஒரே ஒரு தமிழ்ச் சொல்லுக்காகக் காத்திருந்தேன். 'சன்ஷவர்ஸ்' பாட்டில் பாலஸ்தீன விடுதலை இயக்கத்தின் பெயர் வருகிறது. அந்த வரியை நீக்கினால்தான் ஒளிபரப்புவோம் என்று எம்டிவி சொன்னபோது நீக்க மறுத்தவர் அவர். அந்தத் துணிவை மதிக்கிறேன். ஆனால் என் காதுக்கு ஒரு தமிழ்ச் சொல்லும் எட்டவில்லை. திண்டுக்கல் அருகே காதிலிருந்து கருவியைப் பிடுங்கிவிட்டு ஜன்னல் கம்பியில் தலையைச் சாய்த்து அழுதேன் என்பதை இங்கேதான் முதன்முறையாகச் சொல்கிறேன்.

ஆகவே, அண்ணா, உங்கள் அப்பாவின் கேள்விக்கு என் பதில் நேரானது: தகப்பன் உறையில் மட்டுமே இருக்கிறார். அம்மாவின் பெயரைத் தாங்கி 2007இல் வந்த 'கலா'வில் உறுமி முழங்குகிறது. அதில் நாம் இருக்கிறோம். 'அருளர்' மேற்குலகின் நடன அரங்குகளுக்காகச் செய்யப்பட்டது.

ஸ்கார்பரோ அக்கா:
மேலே எழுதிய தம்பியிடம் எனக்குக் கடுமையான மாறுபாடு உண்டு. தொகுப்பு எதில் தொடங்குகிறது என்பதை அவர் கவனிக்கவில்லை. முதலில் வருவது பாட்டே அல்ல. மொழி வகுப்பில் சொல்லித்தருவதுபோல வாழைப்பழத்துக்கான ஆங்கிலச் சொல்லை அசை அசையாகப் பிரித்துச் சொல்லும் அரை நிமிடத் துணுக்கு அது, அகதிக்கு நடக்கும் முதல் பாடம்.

நான் 1991இல் டொராண்டோவுக்கு வந்தபோது எனக்குப் பதினான்கு வயது. யாழ்ப்பாணத்தில் கணக்கில் முதலாவதாக வந்தவளை இங்கே ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கான பட அட்டைகளின் முன்னால் உட்காரவைத்தார்கள். ஆசிரியை நல்லவர்தான். ஆனால் மஞ்சள் நிறப் பழத்தின் படத்தைத் தூக்கிப் பிடித்து, என் வாயைப் பார்த்தபடி, நான் சரியாகச் சொல்லும்வரை மூன்று முறை திருப்பிச் சொல்லவைத்தார். எங்கள் வளவில் கதலியும் கப்பலும் இதரையும் குலை குலையாகத் தொங்கியிருந்தன. எனக்கு அந்தப் பழத்தைத் தெரியாது என்று அவர் நினைத்துவிட்டார் என்பதை எடுத்துச்சொல்லத்தான் என்னிடம் சொல் இருக்கவில்லை. பதினான்கு ஆண்டுகள் கழித்து, வேலைக்குப் போகும் வழியில் காரில் இந்தத் துணுக்கு ஒலித்தபோது வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டேன். மாயா என்று அழைக்கப்படும் எம்.ஐ.ஏ.யும் 1986இல் அகதியாகத் திரும்பி வந்து, தென்லண்டனில் மிட்சம் குடியிருப்பில் வளர்ந்தவர். தமிழ்ச் சொல் இல்லை என்று தம்பி வருந்துகிறார். தமிழ்ச் சொல் எப்படிப் பறிபோகிறது என்பதைத்தான் மாயா முதல் அரை நிமிடத்தில் காட்டிவிடுகிறார். தகப்பன் பக்கத்தில் இருந்திருந்தால் பிள்ளை அந்த வகுப்பில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. உங்கள் அப்பாவுக்கு அந்த இடத்தைப் போட்டுக் காட்டுங்கள்.

அரியாலையிலிருந்து:
நீங்கள் எல்லோரும் பாட்டைப் பற்றி எழுதுகிறீர்கள். எனக்கு அந்த உறையைப் பற்றி மட்டுமே சொல்ல இருக்கிறது.

2006 ஜூலையில், யாழ்ப்பாணம் செல்லும் ஏ9 பாதை மூடப்படுவதற்குச் சில வாரங்களுக்கு முன்பு, லண்டனிலிருந்து கொழும்புக்கு வந்த உறவினர் ஒருவர் இந்தத் தட்டை எனக்குப் பரிசாகக் கொடுத்தார். அன்பாகத்தான் கொடுத்தார். சித்தியும் நானும் பேருந்தில் யாழ்ப்பாணம் திரும்பிக்கொண்டிருந்தோம். வவுனியாவில் தேநீருக்கு நிறுத்தியபோது, பையில் எதையோ தேடிய சித்தியின் கையில் அது அகப்பட்டது. உள்தாளில் துவக்கும் டாங்கியும் புலியும் அச்சாகியிருந்ததைப் பார்த்தவர், என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. கடையின் பின்பக்கம் போய், தாளை உருவி, நகத்தளவு துண்டுகளாகக் கிழித்து, தேநீர்க் கழிவு ஊற்றும் வாளிக்குள் போட்டு, மிதந்து வந்த துண்டுகளைக் குச்சியால் அமுக்கினார். தட்டை மட்டும் நல்லூர் முருகன் பாடல்கள் இருந்த பெட்டிக்குள் மாற்றினார். ஓமந்தைச் சோதனைச்சாவடியில் இராணுவச் சிப்பாய் அந்தப் பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார், கொடுத்தார். சித்தியின் கை என் முழங்கையை இறுக்கிய தடம் இரண்டு நாள் இருந்தது.

அக்கா சொல்வது உண்மையாக இருக்கலாம். தம்பி சொல்வதும் உண்மையாக இருக்கலாம். ஆனால் லண்டனில் அந்தப் படம் கடைத்தட்டில் நிற்கும். எங்கள் பைக்குள் இருந்தால் அது சாட்சிப்பொருள். வரைந்தவர் அதை அறிந்துதான் வரைந்தாரா என்பதே எனக்குள் நிற்கும் கேள்வி. பாட்டுகள் எனக்குப் பிடிக்கும் என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஒலிப்பதிவாளன்:
நான் இதை முதலில் கேட்டது 2005இல் பாரிஸில் ஒரு நண்பரின் அறையில். 'பக்கி டன் கன்' தொடங்கியதும் கீழ்வீட்டுக்காரர் கதவைத் தட்டினார். என் கதை அவ்வளவே. ஆனால் மேலே உள்ளவற்றை வாசித்தபோது, பலர் இதைச் சரியாகக் கேட்கவில்லையோ என்ற கவலை எழுந்ததால் சில சொல்கிறேன்.

முதலாவதாக, கைப்பேசியில் சுருக்கப்பட்ட கோப்பாகக் கேட்டுவிட்டு மதுரைத் தம்பி தீர்ப்பு எழுதக் கூடாது. இந்தத் தொகுப்பின் அரசியல் பாதி அதன் அடித்தாளத்தில் இருக்கிறது. எலாஸ்டிக்கா குழுவின் பாடகியிடம் இரவல் வாங்கிய ரோலண்ட் எம்சி-505 என்ற ஒற்றைக் கருவியில், படுக்கையறையில் உட்கார்ந்து போட்ட பீட்டுகள் இதன் வித்து. 'கலாங்' 2003இல் முதலில் 500 தட்டுகள் மட்டுமே அச்சாயிற்று. 'பக்கி டன் கன்'னில் வரும் ஊதுகுழல் முழக்கம் ரியோ டி ஜெனிரோவின் சேரிகளில் பிறந்த ஃபங்க் இசையிலிருந்து, டெய்சி டிக்ரோனாவின் பாட்டு வழியாக வந்தது. ஜமைக்கா, பிரேசில், லண்டன் என்று ஏழைகளின் இசைகளை அவர் ஒன்றாக முடிந்திருக்கிறார். தமிழ்ச் சொல்லைத் தேடாமல், நல்ல ஒலிபெருக்கியில், வரிசை மாற்றாமல், 'கலாங்' முடிந்த பிறகும் நிறுத்தாமல் கேளுங்கள். அதன்பின் மறைத்து வைத்த பாட்டு ஒன்று உண்டு.

இரண்டாவதாக, மேற்கத்தியப் பத்திரிகைகள் பல எழுதியதை நம்பி அருளரை விடுதலைப் புலி என்று யாரும் எண்ணிவிட வேண்டாம். அவர் 1975இல் லண்டனில் தொடங்கப்பட்ட ஈரோஸ் என்ற வேறோர் ஈழ இயக்கத்தின் நிறுவனர்களுள் ஒருவர். இரண்டையும் ஒன்றாக்குவது நம் வரலாற்றை நாமே அழிப்பதாகும்.

மூன்றாவதாக, தென்லண்டன் அண்ணாவுக்கு: பாட்டுக்குள் தகப்பனைத் தேட வேண்டாம். எங்கே இருக்கிறார் என்று தெரியாத தகப்பன் தன் பெயரை எங்காவது கண்டு தன்னைத் தேடி வருவார் என்ற எண்ணத்தில் பெயர் வைத்ததாக மாயா நேர்காணல்களில் சொல்லியிருக்கிறார். ஆக அந்த உறை ஒரு கடிதம்.

நான்காவதாக, அரியாலை நண்பருக்கு: வேறு பெட்டியில் கிடந்த தட்டை மென்மையான துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள், வட்டமாகத் துடைக்க வேண்டாம். தாமதிக்காமல் கணினியில் சுருக்கப்படாத கோப்பாகப் படியெடுத்துவிடுங்கள். வெயில் படும் மேசையில் வைக்காதீர்கள்.

மாட்டுத்தாவணி:
ஒலிபெருக்கி வைத்துக் கேட்கும் வசதி அன்று அந்தப் பேருந்தில் யாருக்கும் இருக்கவில்லை, ஐயா. அக்கா சொன்ன முதல் துணுக்கை இப்போது மறுபடியும் கேட்டேன். பேருந்தில் அதைத் தள்ளிவிட்டு அடுத்த பாட்டுக்குப் போயிருந்தேன் என்பது நினைவுக்கு வருகிறது. அது பற்றி மட்டும் என் கருத்தைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன்.

தென்லண்டன்வாசி:
2019 டிசம்பரில் அருளர் காலமான செய்தி வந்தபோது அப்பா தொலைபேசியில் அழைத்து, அந்தத் தட்டு இன்னும் இருக்கிறதா என்று கேட்டார். அந்த வாரக் கடைசியில் எடுத்துப்போனேன். இம்முறை பாட்டைப் போடச் சொல்லவில்லை. உறையை மட்டும் வாங்கி, பெயரின்மேல் பெருவிரலை வைத்துக்கொண்டு சிறிது நேரம் இருந்தார். அது ஒரு கடிதம் என்பதை அப்போது நான் அறிந்திருந்தால் அவரிடம் சொல்லியிருப்பேன். இந்த ஞாயிறு சொல்கிறேன்.

அரியாலை நண்பரே, உங்கள் சித்தி கிழித்த அந்த உள்தாள் என்னிடம் மடிப்புக் கலையாமல் இருக்கிறது. நீங்கள் விரும்பினால் அனுப்பிவைக்கிறேன்.

அரியாலையிலிருந்து:
மிக்க நன்றி, அண்ணா. சித்தி இப்போதும் எங்களோடுதான் இருக்கிறார். அவரைக் கேட்காமல் அதை இந்த வீட்டுக்குள் கொண்டுவர எனக்கு மனமில்லை. கேட்டுவிட்டு எழுதுகிறேன்.